குற்ற எண் கையில், வழக்கு எண் எங்கே? குமரி மாவட்டத்தில் காவல், நீதிமன்ற இணையச் சேவைகள்: ஒரு மதிப்பீடு

தமிழ்நாடு காவல் துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) கிடைக்கும். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதி கிடைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் கழியும் மாதங்களில் வழக்குக் கட்டு எந்த மேசையில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவருக்குக் காட்டும் திரை இல்லை. வழக்கு பெரும்பாலும் தேங்கிக் கிடப்பது அந்த நடுப்பகுதியில்தான்.

காவல் துறை இணையதளம், செய்ய வேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்கிறது. மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண் (எஃப்.ஐ.ஆர்.-க்குக் காவல் நிலையம் தரும் எண்) கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். நகலை இறக்கிக்கொள்ளலாம். பதிவான 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. இணைய வசதி சரியில்லாத இடங்களுக்கு மட்டும் கூடுதல் அவகாசம். பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாத வழக்குகள் ஏற்றப்பட மாட்டா. அவற்றில் புகார்தாரர் காவல் நிலையத்திலேயே நகல் வாங்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.

பலர் தடுமாறுவது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதில். அதன் எண் கிடைத்ததும் வழக்குப் பதிவாகிவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டுமே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவில், மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த வழி இருக்கிறது. அந்த 14 நாளும் கடந்து எஃப்.ஐ.ஆர். வரவில்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் தபாலில் மனு அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். அந்தச் சான்று இல்லாமல் அடுத்த படியான நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) போனால் மனு திரும்பிவிடலாம். இணையம் வழியாகப் புகார் அனுப்புகிறவர்கள் மூன்று நாளுக்குள் காவல் நிலையம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. போடாவிட்டால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது.

இனி அந்த நடுப்பகுதி. விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை தயாரானால் உதவி அரசு வழக்கறிஞர் பார்க்கிறார், பிறகு கோர்ட் ஏட்டு (நீதிமன்ற வேலை பார்க்கும் காவலர்) அதை நீதிமன்றத்தில் கொடுக்கிறார். அங்கே அலுவலர்கள் சரிபார்த்து, காயச் சான்றிதழ் இல்லை, சாட்சி முகவரி முழுமையாக இல்லை, மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் கேட்கும் 63(4) சான்றிதழ் சேர்க்கவில்லை என்று குறை எழுதித் திருப்புவார்கள். காவல் நிலையத்தில் கேட்டால் ‘கோர்ட்ல போட்டாச்சு’ என்பார்கள். நீதிமன்றத்தில் கேட்டால் ‘எங்ககிட்ட நம்பர் இல்லை’ என்பார்கள். இருவர் சொல்வதும் பொய் இல்லை, ஆனால் திரும்பி வந்த கட்டு யாருடைய கணக்கிலும் இல்லாமல் கிடக்கும். இப்படிக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகம். புகார்தாரருக்கு 90 நாளுக்குள் விசாரணையின் நிலையைத் தெரிவிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 193-ஆம் பிரிவு சொல்கிறது, அதை அலைபேசிச் செய்தியாகவும் அனுப்பலாம். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்கும்போது ‘குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா’ என்று கேட்காமல் ‘கோப்புக்கு எடுக்கப்பட்டு எண் வந்ததா’, அதாவது நீதிமன்றம் அதை ஏற்று வழக்கு எண் கொடுத்துவிட்டதா என்று கேளுங்கள்.

இ-கோர்ட்ஸ் செயலியைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. கட்டணம் இல்லை, உத்தரவு நகல்களும் அடுத்த வாய்தா தேதியும் கைப்பேசியிலேயே வரும். வழக்கு எண் தெரியாதவர்கள் காவல் நிலையத்தையும் எஃப்.ஐ.ஆர். எண்ணையும் கொடுத்துத் தேடலாம். ஆனால் சரியான நீதிமன்ற வளாகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மார்த்தாண்டம் நிலைய வழக்கைக் குழித்துறையிலும், தக்கலை வழக்கைப் பத்மநாபபுரத்திலும் தேட வேண்டும். மாவட்டத் தலைநகர் என்பதால் எல்லாவற்றையும் நாகர்கோவிலில் தேடுகிறவர்களுக்கு ‘பதிவு இல்லை’ என்றே வரும். ஒரு முறை கிடைத்ததும் வழக்கின் தனி அடையாளமான, 16 எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். எண்ணைக் குறித்து வையுங்கள். முதல் நான்கு எழுத்துகள் மாநிலத்தையும் மாவட்டத்தையும், கடைசி நான்கு எண்கள் ஆண்டையும் காட்டும். அடுத்த முறை அந்த எண் ஒன்றே போதும்.

செயலியின் பெரிய குறை கொலை, கொலை முயற்சி போன்ற வழக்குகளில் தெரியும். நடுவர் நீதிமன்றத்தில் பி.ஆர்.சி. என்ற முதற்கட்டப் பதிவு எண்ணில் தொடங்கும் வழக்கு, அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டதும் எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) என்ற புது எண்ணும் புது சி.என்.ஆர். எண்ணும் பெறும். பழைய எண்ணில் பார்த்தால் ‘முடிந்துவிட்டது’ என்று காட்டும். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்தச் சொல்லைத் திரையில் பார்த்தால் என்ன நினைப்பார்? ஒப்படைப்பு உத்தரவின் நகலை வாங்கி, எந்த அமர்வு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது என்று பார்த்து, எஃப்.ஐ.ஆர். எண் வழியாக மறுபடி தேடுவதே வழி. பழைய பக்கத்தில் புதிய எண்ணை ஒரு வரியில் காட்டிவிட்டால் இந்த அலைச்சல் இராது.

இத்தனைக்கும் உள்ளே இணைப்பு இருக்கிறது. காவல், நீதிமன்றம், சிறை, தடய அறிவியல், அரசுத் தரப்பு வழக்கு நடத்தும் துறை ஆகிய ஐந்தின் தரவுகளையும் இணைக்கும் ஐ.சி.ஜே.எஸ். என்ற தேசிய அமைப்பு அலுவலர்களுக்காக இயங்குகிறது. பொதுமக்களுக்கு அதில் நுழைவு இல்லை. அந்தரங்கத் தகவல் வெளியே போகக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் புகார்தாரருக்கு அவருடைய வழக்கு எந்த மேசையில் இருக்கிறது என்று மட்டும் காட்டுவதில் என்ன ஆபத்து?

தடய அறிவியல் பக்கம் இன்னும் மங்கல். கைப்பற்றிய பொருள், பொருள் விவரம் எழுதும் படிவம் 95-உடன் நீதிமன்றத்துக்கு வந்து, அங்கிருந்து வேண்டுகோள் கடிதத்தோடு திருநெல்வேலி வட்டார ஆய்வகம் போன்ற இடங்களுக்குக் காவலர் ஒருவர் கையில் போகிறது. பொருளை நீதிமன்றத்தில் ஒப்படைப்பதில் தாமதம், முத்திரை மாதிரி பொருந்தாமல் போவது, கடிதத்தில் கேள்விகள் தெளிவில்லாமல் இருப்பது எனப் பெரும்பாலான சிக்கல்கள் ஆய்வகத்துக்கு முன்பே நேர்பவை. விபத்தில் சிக்கிய வண்டியைத் திரும்பப் பெற மனுப் போடுகிறவர்களும் முதலில் பார்க்க வேண்டியது இதையே: நீதிமன்றத்தில் சொத்து எண் (ஒப்படைத்த பொருளுக்கான பதிவு எண்) விழுந்திருக்கிறதா, மோட்டார் வாகன ஆய்வாளரின் பரிசோதனை முடிந்ததா.

ஜாமீனில் நிலைமை முன்பைவிட மேல். உத்தரவின் மென்நகலை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், ஏழு நாளில் விடுதலையாகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அப்படியும் விடுதலை தடைப்படுவது பெரும்பாலும் பெயரால்: ரிமாண்ட் உத்தரவில் ஒரு தலைப்பெழுத்து, விடுதலை உத்தரவில் வேறொன்று. வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை இன்னொரு நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) நிலுவையில் இருந்தாலும் வாசல் திறக்காது. பாளையங்கோட்டை மத்திய சிறை வரை போய் ஏமாந்து திரும்புவதற்கு முன் இரண்டையும் வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவசச் சட்ட உதவி எண் 15100-ஐ அழைக்கலாம்.

குமரிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. களியக்காவிளைப் பக்கம் விபத்தில் அடிபட்டவரைத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய், அங்கே உயிர் பிரிந்தால், பிரேத விசாரணையைக் கேரளக் காவலர் நடத்துவார்கள். அந்தத் தாள்கள் தமிழ்நாட்டு நிலையத்துக்கு வந்து சேர்ந்த பிறகே எஃப்.ஐ.ஆர். பிரிவு மாறும். மலையாளத்தில் உள்ளவற்றுக்கு மொழிபெயர்ப்பும் தேவைப்படும். கேரளத்துக் குற்ற எண்ணைத் தமிழ்நாட்டு இணையதளத்தில் தேடிப் பயனில்லை, அதற்குக் கேரளக் காவல் துறையின் ‘துணா’ தளத்துக்குப் போக வேண்டும். இரு மாநில எண்களையும் ஒரே தாளில் எழுதி, அதன் நகலை இங்குள்ள விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டால், பிரேதப் பரிசோதனை அறிக்கையை எந்த எண்ணில் கேட்டு எழுதுவது என்ற குழப்பம் அவருக்கு வராது.