கோசோ தீவில் டைவிங் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மால்டாவுக்குப் பக்கத்தில் உள்ள கோசோ தீவுக்கு ஸ்கூபா டைவிங் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்களைக் கூட்டிப்போன டைவிங் கடையின் பெயரைப் போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதே பேச்சு உங்கள் காதில் விழுந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

எனக்கும் மனைவிக்கும் இருப்பது ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலை டைவிங் சான்றிதழ். 18 மீட்டர் ஆழம் வரைதான் எங்களுக்குப் பயிற்சி. கோசோவுக்குப் போனதே மேற்குக் கரையில் த்வெய்ரா என்ற இடத்தில் இருக்கும் ப்ளூ ஹோலுக்காகத்தான். பாறைக்கு நடுவே கிணறு மாதிரி இயற்கையாகவே அமைந்த பள்ளம் அது. உள்ளே இறங்கினால் ஒரு பாறை வளைவு, அதைத் தாண்டினால் திறந்த கடல். 2017 மார்ச்சில் இடிந்து விழுந்த அஷூர் விண்டோ என்ற இயற்கைப் பாறை வளைவின் துண்டுகளும் அங்கேதான் கடலடியில் கிடக்கின்றன. இரண்டு வருட ஆசை. கடைக்கு மெயில் போட்டுத் தெளிவாகக் கேட்டேன். "ப்ளூ ஹோல்தான், நான்கு பேருக்கு ஒரு கைடு, கருவிகள் எல்லாம் சேர்த்து" என்று பதில் வந்தது. முழுப் பணத்தையும் முன்பே கட்டிவிட்டோம்.

காலையில் போனால், "காற்று சரியில்லை, இன்றைக்கு த்வெய்ரா முடியாது" என்றார்கள். வடமேற்குக் காற்று அடித்தால் த்வெய்ராவில் இறங்க முடியாது, தெற்குக் கரைக்குப் போவார்கள் என்று நானும் படித்திருந்தேன். அதனால் நம்பிவிட்டேன். வேனில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, மொத்தம் ஒன்பது பேர், ஒரே கைடு. போகிற இடம் தெற்குக் கரையில் உள்ள ஷட் லஹ்மர். அங்கே 2006இல் டைவர்களுக்காகவே மூழ்கடித்த கர்வேலா என்ற படகு சுமார் 40 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. மற்ற ஏழு பேரும் அதற்காகவே வந்த அட்வான்ஸ்டு டைவர்கள். அந்த வேனில் இரண்டு சீட் காலியாக இருந்தது, அதில் எங்களை ஏற்றிவிட்டார்கள். வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்கு 18 மீட்டர்தான் என்று சொன்னதற்கு, "நீங்கள் மேலாகவே நில்லுங்கள், ஒன்றும் ஆகாது" என்றார் கைடு. ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று. சிலிண்டரில் காற்றின் அழுத்தம் 200 பார் இருக்க வேண்டும், அதைக் காட்டும் கேஜில் 160தான் இருந்தது.

கரையில் நின்று சோதித்தபோது மனைவிதான் கவனித்தாள். "ஏங்க, மூச்சு இழுக்கும்போது முள் ஆடுது பாருங்க." 160இல் நின்ற முள் ஒவ்வொரு மூச்சுக்கும் இறங்கி, திரும்ப ஏறியது. கைடு எட்டிப் பார்த்து, "பழைய கேஜ், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முள் அப்படி ஆடினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். கரையில் மூச்சு நன்றாகவே வரும். ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் பல மடங்கு காற்று வேண்டும், அந்தச் சின்ன இடுக்கு வழியாக அவ்வளவு வராது. எனக்கு இது அப்போது தெரியாது.

தண்ணீருக்குள் கைடு திரும்பிப் பார்க்காமல் இறங்கிக்கொண்டே போனார். அவரை விட்டால் வழி தெரியாது என்று நாங்களும் பின்னாலேயே போனோம். கம்ப்யூட்டர் 27.4 மீட்டர் காட்டியபோது மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். மூச்சு வரவில்லை என்று சைகை. கண் அகன்றுவிட்டது. என் சிலிண்டரில் அவசரத்துக்கென்று இருக்கும் இரண்டாவது மூச்சுக் கருவியை (உபரி ரெகுலேட்டர்) அவள் வாயில் கொடுத்தேன். கைடைக் கூப்பிட என் சிலிண்டரைத் தட்டியது எத்தனை நேரம் என்று தெரியவில்லை. வந்தார், அவள் முதுகுக்குப் பின்னால் கை போட்டு வால்வைத் திருகினார், எல்லாம் சரி என்று கை காட்டினார். நாங்கள் மேலே ஏறிவிட்டோம். மேலே வரும் முன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றபோதும் அவள் என் கையை விடவில்லை.

கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். காலையில் நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நீட்டினார்கள். இடத்தை மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அதோடு விடவில்லை. இடுப்பில் கட்டும் ஈய வெயிட்டுக்கும் வேனுக்கும் தனிப் பில். மறுநாள் காலை 6 மணிக்கு எங்களுக்கு விமானம் என்று தெரிந்தும், மாலை 4 மணிக்கு இன்னொரு டைவ் போகலாம் என்று கூப்பிட்டார்கள். ஒன்றுக்கு மேல் டைவ் செய்தால் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

மதியம் சாப்பிட்டுவிட்டு, சும்மா பார்க்கலாம் என்று பஸ் பிடித்து த்வெய்ராவுக்குப் போனோம். கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. ப்ளூ ஹோலிலிருந்து நாலைந்து பேர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். காலையிலிருந்தே இப்படித்தான் என்றார்கள்.

நீங்கள் போனால் இடத்தின் பெயர், அதிகபட்ச ஆழம், கைடுக்கு எத்தனை பேர், இடம் மாறினால் பணம் என்ன ஆகும், இவ்வளவையும் எழுத்தில் வாங்குங்கள். கேஜைப் பார்த்தபடியே நாலைந்து முறை மூச்சு இழுங்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். கரையில் நின்று வேண்டாம் என்று சொல்ல நான் கூச்சப்பட்டேன், நீங்கள் படாதீர்கள்.

கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதில் பதிவான ஆழத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதையும் அந்த மெயிலையும் சேர்த்து, கார்டு கொடுத்த வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்டு மனு போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.