அச்சத்தால் நடத்தப்படும் ஓர் ஆடை நிறுவனம்: பணி அனுபவ மதிப்புரை

ஆடைகளை வடிவமைத்து, வெளி ஆலைகளில் தைக்கக் கொடுத்து, தன் பெயரில் விற்கும் ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு மேம்பாட்டுப் பிரிவில் சில பருவங்கள் பணியாற்றிவிட்டு அண்மையில் விலகினேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை; இத்துறையில் இருப்பவர்களுக்கு இதுபோன்ற இடம் ஒன்றாவது தெரிந்திருக்கும். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். அந்த இரண்டும் அங்கே தொழில் கற்றுக்கொள்ளக் கிடைத்த வாய்ப்புக்கு உரியவை.

அந்த வாய்ப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. முதல் சாம்பிள், உடலில் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபிட் சாம்பிள், எல்லா அளவுகளிலும் தைத்துப் பார்க்கும் சைஸ் செட், பல்க் (மொத்த) உற்பத்திக்கு முந்தைய சாம்பிள் என்ற படிகளில் எதையும் தாண்டாமல் முறையாகச் செய்யும் நிறுவனம் அது. சாம்பிள் அறையில் இருந்த, துணி வெட்டுவதற்கான வடிவங்களை வரையும் பேட்டர்ன் மாஸ்டர்கள், துணியைக் கையில் எடுத்த உடனேயே அது குறுக்குவாட்டில் எவ்வளவு இழுபடும் என்று சொல்லக்கூடியவர்கள். சம்பளமும் தேதி தவறாமல் வந்துவிடும்.

குறை முழுவதும் அந்த அறைக்கு வெளியே, ஃபிட் கூட்டத்தில் தொடங்குகிறது. மாடல் சாம்பிளை அணிந்து நிற்பார். வடிவமைப்புத் தலைவர் எதிரே அமர்ந்திருப்பார். நாங்கள் ஆடையின் அளவுகளும் தையல் விவரங்களும் அடங்கிய டெக் பேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நிற்போம். கைக்குழி ஓர் அங்குலம் இறங்கியிருப்பதும், மாடல் கையை உயர்த்தும்போதெல்லாம் இடுப்பு வரை துணி இழுபடுவதும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் தலைவரின் முகக்குறிப்பைப் பார்த்த பின்பே எவரும் வாய் திறப்பார். அவர் தலையசைத்துவிட்டால் அந்தக் கைக்குழி சரியானதாகிவிடும். அவர் முகம் சுளித்தால், அதுவரை மௌனமாக நின்ற அனைவரும் ஒரே குரலில் குறை சொல்லத் தொடங்குவார்கள். அந்தச் சாம்பிளுக்குப் பொறுப்பானவர் எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்கப்படுவார். ஒருமுறை முதலிலேயே குறையைச் சுட்டிக்காட்டிய இளம் டிசைனர் ஒருவர், அடுத்த பருவம் முழுவதும் லேபிள், பொத்தான் வேலைக்கு மாற்றப்பட்டார். அதற்குக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அச்சத்தால் வேலை வேகமாகவும் சுத்தமாகவும் நடக்கும் என்று நிர்வாகம் உண்மையாகவே நம்பியது. அங்கே நான் கண்டதெல்லாம் கெட்ட செய்தி மேலே போய்ச் சேர ஆன தாமதம்தான். சாயப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சாய ஆலை ஒப்புதலுக்கு அனுப்பும் சிறு துணி மாதிரியான லேப் டிப்பை, பல வகை விளக்குகள் கொண்ட லைட் பாக்ஸில் பகல் ஒளியைக் குறிக்கும் டி65 விளக்கில் பார்த்தபோது ஷேடு சரியாக இருந்தது. கடை விளக்கைக் குறிக்கும் டிஎல்84-க்கு மாற்றியதும் பச்சைச் சாயல் தட்டியது. இது துறையில் அன்றாடம் வரும் விஷயம்; சாயக் கலவையை மாற்றி மறுபடி அனுப்பச் சொன்னால் முடிந்தது. ஆனால் அந்த நிறம் தலைவர் தாமே தேர்ந்தெடுத்தது என்பதால், பகல் ஒளியில் பார்த்த முடிவை மட்டும் குறிப்பிட்டு ஒப்புதல் அனுப்பப்பட்டது. பல்க் துணி வந்த பிறகு உண்மை வெளிப்பட்டது. துணி மறுசாயத்துக்குப் போனது. கப்பலில் போக வேண்டிய சரக்கு, அதைவிடப் பல மடங்கு செலவில் விமானத்தில் போனது.

தரச் சோதனையும் இதற்கு விலக்காக இல்லை. ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 என்ற அளவில், 1,201 முதல் 3,200 வரை உருப்படிகள் கொண்ட தொகுதியில் வழக்கமாக 125 உருப்படிகளை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை 7 வரை இருந்தால் ஏற்கலாம், 8 ஆனால் நிராகரிக்க வேண்டும். ஷிப்மென்டைத் தாமதப்படுத்தினால் என்ன நடக்கும் என்று தெரிந்த ஒரு பரிசோதகரின் கையில் எட்டாவது பெரிய குறை ‘சிறிய குறை’ என்ற கட்டத்துக்குள் போய்விடுகிறது. அறிக்கையில் கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் ஒழுங்காக இருக்கும். சட்டையின் பக்கத் தையல்தான் பிரிந்திருக்கும். தரவியலில் பெயர் பெற்ற எட்வர்ட்ஸ் டெமிங் நிர்வாகங்களுக்கு வகுத்த 14 நெறிகளில் எட்டாவது, அச்சத்தை அகற்றச் சொல்கிறது. அதை உபதேசம் என்று எண்ணியிருந்தேன். அது கணக்கு என்பதை இந்த அறிக்கைகளைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

இந்த அச்சம் அலுவலகத்தோடு நிற்பதில்லை என்பது எனக்கு அதிகம் உறுத்திய விஷயம். ஆலைகளோடு பேசி ஆர்டர்களை ஒருங்கிணைப்பவர் மெர்ச்சண்டைசர். காலையில் கூட்டத்தில் வசை வாங்கிய அவர், பிற்பகலில் ஆலைக்குத் தொலைபேசியில் பேசும்போது அதே சொற்களை, அதே தொனியில் கீழே அனுப்புவார். ஆலை மேலாளர் அதைத் தையல் வரிசைக்கு அனுப்புவார். 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தின் ரானா பிளாசா கட்டடத்தில் விரிசல்கள் தெரிந்தபோது, அங்கிருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. ஆடைத் தொழிலாளர்களோ மறுநாள் உள்ளே போகக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள்; கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். எங்கள் அலுவலகத்தின் கூச்சலை அந்தப் பேரழிவோடு ஒப்பிடும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் கண்ணால் கண்ட விரிசலைச் சொல்லியும் பயனில்லாத ஏற்பாடு எப்படி உருவாகிறது என்பதை, எங்கள் மெர்ச்சண்டைசிங் பிரிவில் ஒரு பிற்பகல் உட்கார்ந்தாலே ஓரளவு ஊகிக்கலாம்.

மனிதவளத் துறையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, பணியிட வன்முறை, துன்புறுத்தல் என்பவற்றின் வரையறையில் உளவியல் தீங்கையும் சேர்த்திருக்கிறது. எங்கள் கையேட்டிலும் அதே பொருளில் அழகான பத்தி ஒன்று உண்டு. புகார் மின்னஞ்சல்களைத் திறந்து படிப்பவர் வடிவமைப்புத் தலைவரின் உதவியாளர் என்பதால் அந்தப் பத்தியை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

இத்தனைக்குப் பிறகும் அங்கே சேர விரும்புகிறவர்கள் இருப்பார்கள். தங்கள் விவரக்குறிப்பில் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்ள ஆசைப்படுவது எனக்குப் புரியாததல்ல. அவர்கள் சாம்பிள் அறைக்கோ பேட்டர்ன் பிரிவுக்கோ விண்ணப்பிப்பது நல்லது. கூட்டங்களின் வெப்பம் அங்கே குறைவு, கற்பதற்கும் அதிகம். நேர்காணலில் சம்பளத்தோடு சேர்த்து இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: இந்தப் பணியிடத்தில் உங்களுக்கு முன்பு இருந்தவர் எத்தனை பருவங்கள் நீடித்தார், கடந்த பருவத்தில் ஒப்புதலான ஒரு ஸ்டைலைக் குறை சொல்லி நிறுத்திய கீழ்நிலை ஊழியர் எவராவது உண்டா. இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயரும் அவர் இப்போது வகிக்கும் பதவியும் பதிலாக வந்தால் தாராளமாகச் சேரலாம்.