சலரோகப் புண்ணுக்கு ‘மூலிகை ஹைட்ரோஜெல்’ வாங்கப் போகிறவர்கள் கவனம்

யாழ்ப்பாணத்துக்குள் இலவச டெலிவரி என்று பேஸ்புக்கில் ஓடும் அந்த விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். சலரோகக் கால், எரிகாயம், படுக்கைப் புண் எல்லாத்துக்கும் ஒரே ஜெல்லாம். மாமாவின் உள்ளங்காலில் ஆறாமல் கிடந்த புண்ணுக்கு மாமி அதைத்தான் 4,800 ரூபாய் கொடுத்து எடுப்பித்தார். வந்தது வாய் அகன்ற ஒரு பிளாஸ்டிக் போத்தல், திறந்தால் மல்லிகை வாசம். காயத்துக்குப் போடுகிற சாமானுக்கு வாசம் எதற்கு?

ஹைட்ரோஜெல் என்பதே பொய் என்று சொல்ல வரவில்லை. பெரும்பகுதி தண்ணீர், அதைப் பிடித்து வைத்திருக்கும் வலையைத் தாவர செல்லுலோஸ், பழத்தோல் பெக்டின், கடற்பாசி அல்ஜினேட் என்று பலதிலும் செய்யலாம். மூடி ஈரமாக வைத்த காயம் காயவிட்டதைவிடச் சீக்கிரம் தோல் மூடும் என்று ஆய்வாளர் ஜோர்ஜ் வின்டர் 1962இல் பன்றிகளில் காட்டிய பிறகுதான் இந்த வகைக் கட்டுகளுக்கே மவுசு வந்தது. ஆனால் ஹைட்ரோஜெல் காய்ந்த, செத்த தசை ஒட்டிக் கிடக்கிற புண்ணுக்குத்தான் பொருந்தும், நீர் வடிகிற புண்ணில் வைத்தால் சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்துவிடும். மாமாவுக்கு நடந்ததும் அதுதான். போதாததற்கு லேபலிலேயே ‘தினமும் இருமுறை விரலால் எடுத்துப் பூசவும்’ என்று அச்சடித்திருக்கிறார்கள், ஸ்டெரைல் (கிருமி நீக்கியது) என்ற சொல் எங்கேயும் இல்லை.

கிளினிக்கில் மருந்து கட்டும் மிஸ்ஸி போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, உது முகத்துக்குப் பூசுற கற்றாழை ஜெல்லெல்லோ” என்றார்.

விற்றவருக்கு போன் எடுத்தேன். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவு இலக்கம் கேட்டால், “அண்ணை, இது ஆயுர்வேதம்” என்றார். சரி, ஆயுர்வேதத் திணைக்கள அனுமதி எங்கே என்றால் “இது அழகுசாதனம்” என்றார். அப்புறம் என்ன துணிவில் புண்ணின் படம் போட்டு விற்கிறீர்கள் என்று கேட்டதும் வெட்டிவிட்டார், வட்ஸ்அப்பிலும் பிளொக். காசு வரவில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு சொல்லியிருக்கிறேன், போத்தலும் பற்றுச்சீட்டும் கையில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் வாங்கியிருந்தால் எறிந்துவிடாதீர்கள், நீங்களும் முறையிடுங்கள். புண்ணில் சீழ், காய்ச்சல், விரல் கறுத்தல் எது கண்டாலும் எந்த ஜெல்லையும் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்த பேஸ்புக் பக்கம் இப்போது பெயரை மாற்றிவிட்டது, புண்ணின் படம் மட்டும் பழையதே.