சேப்பாக்கமா, தரமணியா, அடையாறா: சென்னையில் ஆய்வுரை கேட்க எங்கே போகலாம்?

சென்னையில் காசு செலவில்லாமல் நல்ல ஆய்வுரை கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. முக்கியமான இடங்களில் பல, பறக்கும் ரயில் பாதையை ஒட்டியே அமைந்துவிட்டன. சேப்பாக்கத்தில் இறங்கினால் சென்னைப் பல்கலைக்கழகம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். கஸ்தூர்பா நகரில் இறங்கினால் காந்தி நகரில் இருக்கும் எம்.ஐ.டி.எஸ்., அதாவது சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். இந்திரா நகர், திருவான்மியூர் நிலையங்களின் பக்கம் போனால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் கணித அறிவியல் நிறுவனமும். ஐ.ஐ.டி.க்கு மட்டும் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோவோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். வாயிலைத் தாண்டிய பிறகும் உள்ளே நீண்ட தூரம் இருக்கிறது.

இத்தனையும் இருக்கும்போது எந்த இடத்துக்குப் போவது? பெரும்பாலானவர்கள் பேச்சாளரின் பெயரைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஒரு நாளைக்கு அது போதும். ஓர் இடத்துக்குத் தொடர்ந்து போவதா என்று யோசிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அங்கே தலைப்பை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைத்தான். அது தெரிந்துவிட்டால், இரண்டு மூன்று வருடம் போனால் என்னென்ன காதில் விழும், எது விழவே விழாது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

சேப்பாக்கத்திலிருந்து தொடங்குவோம். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, மதுரவாயல் என்று பல வளாகங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், சமஸ்கிருதம், அரபு, சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், தொல்லியல், மானிடவியல் எல்லாம் ஒரு பக்கம். தாவரவியல், உயிர்வேதியியல், அணு இயற்பியல், படிகவியல் எல்லாம் இன்னொரு பக்கம். இந்த நகரத்தில் வேறெந்த நிறுவனத்துக்கும் இந்த அகலம் கிடையாது.

இங்கே நடக்கும் பொது உரைகளில் பெரும்பகுதி அறக்கட்டளைச் சொற்பொழிவுகள். ஒரு குடும்பமோ, மாணவர்களோ, அபிமானிகளோ ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைப்பார்கள். அந்த முதலின் வட்டியில் ஆண்டுதோறும் ஓர் உரை நடக்கும். எதைப் பற்றி என்பதை அறக்கட்டளை ஆவணமே சொல்லிவிடும். அதாவது தலைப்பைத் தீர்மானித்தவர் பல சமயம் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். இதைப் பழமை என்று பலர் ஒதுக்குகிறார்கள்; எனக்கு இதுதான் இந்த முறையின் பெரிய பலமாகத் தெரிகிறது. இன்றைக்கு எந்த ஆய்வுத் திட்டமும் நிதி தராத ஒரு தத்துவ மரபைப் பற்றி, எந்த வேலைவாய்ப்பும் இல்லாத ஓர் இலக்கண நூலைப் பற்றி, வருடத்துக்கு ஒரு முறையாவது ஒருவர் தயாரித்துக்கொண்டு வந்து பேசுகிறார் என்றால் அதற்குக் காரணம் அந்தப் பழைய ஆவணம்தான். அந்தந்தக் காலத்தின் போக்குக்கு விட்டிருந்தால் அந்தத் துறைகளில் பாதி வாய் திறந்திருக்காது.

குறைகளும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன. வைத்த முதல் அன்றைக்குப் பெரிய தொகை. விலைவாசி ஏற, அதன் வட்டியில் வெளியூர்ப் பேச்சாளரை வரவழைப்பது கடினமாகிவிடுகிறது. அப்புறம் சடங்குகள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடை. ஒரு கல்லூரியில் நான் கேட்ட அறக்கட்டளை உரையில், கல்வெட்டுகளைப் பற்றிப் பேச வந்த ஆய்வாளருக்கு அவருக்கு முன் பேசியவர்களை விடக் குறைந்த நேரமே மிஞ்சியது. கடைசிப் படங்களை ஓட்டமாக ஓட்டிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். கேள்விக்கு நேரமே இல்லை, நன்றியுரைக்கு இருந்தது. மாதக்கணக்கில் உழைத்துவிட்டு வந்தவரை இப்படி நடத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

துறைக்குள் நடக்கும் கருத்தரங்குகள் வேறு ரகம். அங்கே சடங்கு குறைவு, பேச்சு அதிகம். அப்படியொரு சந்திப்பு எதுவரை போகும் என்பதற்குக் கிண்டி வளாகத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1952இல் ஜி.என். ராமச்சந்திரன் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்று வந்த புதிதில், ஜே.டி. பெர்னல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி அங்கே வந்திருந்தார். கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவி கிடைத்தது. கங்காரு வால் தசைநாரிலிருந்து நல்ல எக்ஸ்-ரே படங்கள் கிடைத்தன. 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து மூன்று இழை அமைப்பை முன்வைத்தார். புரத வடிவங்களைச் சோதிக்க இன்றும் உலகெங்கும் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் அதே துறையிலிருந்து வந்தது.

தரமணிக்குப் போவோம். கணித அறிவியல் நிறுவனமே ஒரு கருத்தரங்கிலிருந்து பிறந்தது. இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸில் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்திவந்தார். வெளிநாட்டு விஞ்ஞானிகள் வீட்டுக்கே வந்து பேசினார்கள். 1960இல் நோபல் பரிசு பெற்ற டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் வந்தார். அங்கிருந்த மாணவர்களைப் பார்த்து வியந்து சொன்னது பத்திரிகைகளில் வந்தது. பிறகு அப்போதைய மாநில அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் ஆதரவும் நேருவின் கவனமும் கிடைக்க, 1962 ஜனவரி 3 அன்று நிறுவனம் உருவானது. தொடங்கிவைத்தவர் வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர்.

அந்தக் குணம் இன்றும் மாறவில்லை. இங்கே தலைப்பை முடிவு செய்வது ஆய்வாளர்களும் அவர்களைப் பார்க்க வரும் விருந்தினர்களும். அன்றன்றைக்குச் சூடாக இருக்கும் கேள்விதான் பலகையில் எழுதப்படும். பேச்சாளரைப் பாதியில் நிறுத்திக் கேள்வி கேட்பது இங்கே மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. ஆனால் ஒன்று: கணிதத்திலோ இயற்பியலிலோ முதுகலை அளவு அடித்தளம் இல்லாதவர் வாராந்திரக் கருத்தரங்கில் போய் உட்கார்ந்தால் சீக்கிரமே வழி தவறிவிடுவார். அவர்களுக்காகவே இந்த நிறுவனம் 2016 முதல் மியூசிக் அகாடமியில் ‘சயின்ஸ் அட் தி சபா’ என்ற பொது உரை நிகழ்ச்சியை நடத்துகிறது. கச்சேரி கேட்டுப் பழகிய அதே அரங்கில் கணிதமும் உயிரியலும் கேட்க மக்கள் வந்து உட்காருவதைப் பார்க்கையில் இந்த ஊர் மேல் எனக்குத் தனி மதிப்பே வருகிறது.

அடையாறு எம்.ஐ.டி.எஸ். 1971இல் பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷையா தொடங்கியது. வேளாண்மை, கூலி, சாதி, கல்வி, நகரமயமாதல் என்று தமிழ்நாட்டைக் கணக்கெடுத்துப் பேசும் இடம். கூட்டம் சிறியது. ஆனால் ஓர் அட்டவணையில் ஓர் எண் பிசகினால் பின்வரிசையிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டிவிடுவார். அரசியல் மேடையில் கேட்ட புள்ளிவிவரத்தை எப்படிச் சந்தேகிப்பது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி எனக்குத் தெரியாது.

ரோஜா முத்தையா நூலகம்தான் என் சொந்த விருப்பம் என்பதை மறைக்கப்போவதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள், இதழ்கள், அழைப்பிதழ்கள், நாடக நோட்டீஸ்கள். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே விட்டுவைத்து, 1994இல் நூலகமாக்க வழி செய்தது. இங்கே தலைப்பைத் தருவது அலமாரி. ஒரு பழைய பாட்டுப் புத்தகக் கட்டு, ஒரு மருத்துவச் சுவடி அச்சு, ஒரு மறந்துபோன பெண்கள் இதழ் என்று அங்கே இருக்கும் ஏதோ ஒன்றைப் பல மாதம் படித்தவர் வந்து பேசுவார். சிந்துவெளி ஆய்வு மையமும் இங்கேதான். கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதற்கு உயிர் கொடுத்தார். கேட்க வருபவர்களில் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், அச்சகக்காரர், பள்ளி ஆசிரியர் எல்லாம் இருப்பார்கள். பேச்சாளருக்குத் தெரியாத ஒரு பதிப்பு தன் வீட்டில் இருப்பதாக எழுந்து சொல்பவர்கள் இந்த மாதிரி அவையில்தான் கிடைப்பார்கள்.

ஐ.ஐ.டி.யில் மாணவர்களே நடத்தும் பொது உரைத் தொடருக்குப் பெரிய பெயர்கள் வருகின்றன: நீதிபதிகள், விளையாட்டு வீரர்கள், தொழிலதிபர்கள். ஊக்கம் கிடைக்கும், ஆய்வு குறைவு. அங்கே ஆய்வைக் கேட்க வேண்டுமானால் துறைக் கருத்தரங்குகளைத் தேடிப் போங்கள். அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் ‘பொன்மாலைப் பொழுது’ பொதுவாசகருக்கானது. உரை கேட்கும் பழக்கமே இல்லாதவரை முதலில் கூட்டிப்போக ஏற்ற இடம்.

மொழியில்தான் எனக்கு ஆதங்கம். வரலாறு, இலக்கியம் என்றால் தமிழில் கேட்கலாம். அறிவியலும் பொருளாதாரமும் என்றால் பெரும்பாலும் ஆங்கிலம்தான். பேச்சு முடிந்து தேநீர் குடிக்கும்போது அதே பேச்சாளர் ஒரு மாணவியிடம் அதே விஷயத்தைத் தமிழில், கையை ஆட்டி ஆட்டி, மேடையில் சொன்னதைவிடத் தெளிவாக விளக்குவதைப் பார்த்திருக்கிறேன். அதை மேடையிலேயே செய்தால் என்ன? அரசுப் பள்ளியிலிருந்து வந்து கணிதமோ இயற்பியலோ படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்!

வாய் திறப்பதால் என்ன நடக்கும் என்பதற்கும் சென்னையிலேயே சான்று உண்டு. 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் மாநிலக் கல்லூரிக்கு வந்து பேசினார். அப்போது அங்கே மாணவராக இருந்தவர், பின்னாளில் தரமணி நிறுவனத்தைத் தொடங்கிவைத்த அதே சந்திரசேகர். அவர் மறுநாள் சோமர்ஃபெல்டை ஹோட்டலில் தேடிப்போய்ப் பார்த்தார். தான் படித்த பாடமெல்லாம் பழசாகிவிட்டது என்பது அவருக்கு அங்கே தெரிந்தது. சோமர்ஃபெல்ட் இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப்படியையே கொடுத்தனுப்பினார். அதிலிருந்து கற்றுக்கொண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. இப்போது எல்லா உரையும் யூடியூபில் கிடைக்கிறதே என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். பதிவு பேச்சைத் தரும்; பேச்சாளரைத் தராது.

சரி, எங்கே போவது? தமிழ் வரலாற்றிலும் பண்பாட்டிலும் ஆர்வம் என்றால் யோசிக்காமல் ரோஜா முத்தையா. இளநிலை அறிவியல் படிக்கும் மாணவர் முதலில் மியூசிக் அகாடமி நிகழ்ச்சி, பிறகு தரமணி. இதழியலிலோ போட்டித் தேர்விலோ இருப்பவர் அடையாறு. ஒரே துறையில் அடங்காத ஆர்வம் உள்ளவருக்கு இன்றைக்கும் சேப்பாக்கம்தான், கொஞ்சம் பொறுமை இருந்தால். ஏனென்றால் மெரினா வளாகத்தில் நடப்பது கிண்டிக்குத் தெரிவதில்லை, கிண்டியில் நடப்பது மதுரவாயலுக்குத் தெரிவதில்லை. செய்தி துறை அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் நின்றுவிடுகிறது. அதனால் இப்போதைக்கு இரண்டு மூன்று துறை அலுவலகங்களில் நேரில் போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழ் அனுப்பும் பட்டியலில் உங்கள் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: எல்லா வளாகங்களின் உரைகளையும் சேர்த்து வாரம் ஒரு பக்கம், தலைப்பு, அரங்கு, நேரம், எந்த மொழியில், கேள்விக்கு எவ்வளவு நேரம் என்ற விவரங்களோடு.