துருப்பிடித்த விரலைக் காட்டி 4,850 ரூபாய் வாங்கிப் போனான்

நேற்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. 4,850 ரூபாய் போனதைவிட, அதை நானே எடுத்துக் கொடுத்தேன் என்பதுதான் வயிற்றை எரிக்கிறது.

நாங்கள் இருப்பது காசிமேட்டில். வெள்ளையடிப்பதற்காக டிவியையும் ஹோம் தியேட்டரையும் கழற்றித் திரும்ப மாட்டினோம். டிவியில் படம் வந்தது. ஹோம் தியேட்டர் மட்டும் ஊமையாகிவிட்டது. வீட்டுக்கே ஆள் அனுப்பும் செயலி ஒன்றில் பதிவு செய்தேன்.

வந்தவன் செருப்பை வாசலிலேயே விட்டான். மாமியாரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான். பிறகு எங்கள் ஜன்னல் கம்பியை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, ஒட்டிய துருவை என் முகத்துக்கு நேரே காட்டினான். "கம்பிக்கே இந்தக் கதி என்றால் உள்ளே இருக்கும் போர்டு என்ன ஆகியிருக்கும் அக்கா? உப்புக் காற்று அரித்துவிட்டது."

அந்த விரலைப் பார்த்துத்தான் விழுந்தேன். துறைமுகத்துப் பக்கம் குடியிருப்பவளுக்கு இது பொய் என்று எப்படித் தோன்றும்? எங்கள் வீட்டில் இரண்டு மின்விசிறிகள் அப்படித்தான் போயின. "போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டுப் போட்டால் கேட்கிறதே?" என்று கேட்கத்தான் செய்தேன். "அது வேறு போர்டு" என்றான். தலையாட்டினேன்.

பெட்டியை எடுத்துப்போய் ஆறாம் நாள் கொண்டுவந்து மாட்டினான். சத்தம் வந்தது. செயலியில் கட்டினால் வரி சேருமாம், அவன் எண்ணுக்கே அனுப்பச் சொன்னான். 4,850 ரூபாய், அனுப்பிவிட்டேன். ரசீது நாளைக்கு வரும் என்றான்.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஒட்டடை அடிக்க டிவியை நகர்த்தி, கேபிளைப் பிடுங்கி மாட்டினேன், மறுபடி ஊமை. அழைத்தால் முதல் நாள் "வண்டி ஓட்டுகிறேன் அக்கா". மறுநாள் "சாயங்காலம் வருகிறேன்". அதன் பிறகு எடுப்பதே இல்லை. செயலிக்காரர்களோ, பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று ஒரே வரியில் புகாரை மூடிவிட்டார்கள். ஆளை அனுப்பியது யார், நானா?

நேற்று அண்ணன் மகன் வந்தான், பதினொன்றாம் வகுப்புப் பையன். டிவிக்குப் பின்னால் மூன்று ஹெச்டிஎம்ஐ சாக்கெட்டுகள். இரண்டாவதன் பக்கத்தில் மட்டும் பொடி எழுத்தில் ஏஆர்சி என்று இருக்கிறது. டிவியின் ஒலி ஹோம் தியேட்டருக்குப் போவது அந்த ஒன்றின் வழியாகத்தான். நான் ஹோம் தியேட்டர் கேபிளை முதலாவதில் செருகியிருக்கிறேன். அவன் மாற்றிச் செருக இரண்டு நிமிடம் ஆகவில்லை. பிறகு பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "அத்தை, இதை யாரும் திறக்கவே இல்லையே" என்றான். மூடி சேரும் இடத்தில் என் மகள் எப்போதோ ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர், ஓரம்கூடப் பெயராமல் அப்படியே இருக்கிறது. போர்டு மாற்றினானாம்!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. ஏஆர்சி சாக்கெட்டா என்று பாருங்கள். டிவி அமைப்புகளில் ஒலி டிவி ஸ்பீக்கருக்கே போகிறதா, சிஇசி (ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவியும் ஹோம் தியேட்டரும் ஒன்றையொன்று இயக்கும் வசதி) அணைந்திருக்கிறதா பாருங்கள். ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிள் என்றால் நுனியிலுள்ள குட்டி பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா? ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்கிறது என்றால், இதையெல்லாம் பார்க்காமல் பெட்டியை யாரிடமும் தூக்கிக் கொடுக்காதீர்கள். மாற்றிய பழைய போர்டைக் கையில் கேளுங்கள். தனி ஆளின் எண்ணுக்குப் பணம் வேண்டவே வேண்டாம். 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு இன்று அழைக்கப் போகிறேன். ரசீதுதான் இல்லை, பணம் அனுப்பிய பதிவு போனில் இருக்கிறது.