ஜிடிஎக்ஸ் 1060: இன்னும் விரட்டுவதா, வோல்டேஜைக் குறைப்பதா, பேஸ்ட் மாற்றுவதா?

பழைய ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் "வேகம் 2,000 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினாலே கேம் நின்றுவிடுகிறது" என்று சொன்னால், கம்ப்யூட்டர் எந்த அறையில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். வேலூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். அறையில் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் ஏறக்குறைய அப்படியே கார்டிலும் ஏறும். மார்கழிக் காலையில் மணிக்கணக்கில் ஓடிய அதே செட்டிங் கத்திரி வெயிலில் கவிழ்வதற்குக் கார்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

2016-இல் வந்த, என்விடியாவின் பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்த இந்தக் கார்டு தன்னைத் தானே ஓவர்கிளாக் செய்துகொள்ளும், அதாவது குறித்த வேகத்தைத் தாண்டி ஓடும். பெட்டியில் போட்டிருக்கும் பூஸ்ட் அளவு 1,708 மெகாஹெர்ட்ஸ். சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் அதற்கு மேலும் தானாகவே ஏறிக்கொள்ளும். சூடு கூடக் கூட, 13 மெகாஹெர்ட்ஸ் அளவுள்ள படிகளாக இறங்கிவரும். ஆகவே கேம் தொடங்கிய முதல் நிமிடத்தில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஜிபியு-இசட் மென்பொருளில் சென்சார் பக்கத்தில் 'பெர்ஃப்கேப் ரீசன்' என்று ஒரு வரி ஓடும். தடுப்பது சூடா, மின்வரம்பா, வோல்டேஜா என்பதை அதுவே சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றும் ஸ்லைடரை நகர்த்துவது வீண் வேலை.

விழும் விதமும் ஒரு தடயம்தான். டிரைவர் மட்டும் விழுந்து எழுந்தால் பெரும்பாலும் கோர் கிளாக் (சிப்பின் வேகம்) அதிகம். திரையில் வண்ணப் புள்ளிகள் தெறித்தால் மெமரியைச் சந்தேகிக்கலாம். கம்ப்யூட்டரே படாரென்று அணைந்து மீண்டும் எழுந்தால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்புங்கள்.

இனி வழிகள். எல்லோரும் முதலில் கை வைப்பது வோல்டேஜ், பவர் ஸ்லைடர்களில்தான். இந்தக் கார்டுக்கு இருப்பதிலேயே மோசமான பேரம் அதுதான் என்பேன். வோல்டேஜை முழுக்கத் தள்ளினாலும் சுமார் 1.09 வோல்ட்டோடு நின்றுவிடும். கிடைப்பது ஓரிரு படி ஏற்றம். அந்தக் கூடுதல் சூடே அதைத் திரும்பப் பறித்துக்கொள்ளும். கார்டின் உள்ளேயே பதிந்திருக்கும் பயாஸ் மென்பொருளை மாற்றி எழுதி வரம்பை உடைக்கலாம் என்றால், பாஸ்கலில் பயாஸ் டிஜிட்டல் கையொப்பத்தோடு பூட்டப்பட்டிருக்கிறது.

எதிர்த் திசையில் போவது, அதாவது வோல்டேஜைக் குறைப்பது, அண்டர்வோல்ட். கார்டின் செட்டிங்கை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கன்ட்ரோல்-எஃப் அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு திறக்கும். 900 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 1,800 மெகாஹெர்ட்ஸை ஒட்டி உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் இருப்பதை எல்லாம் அதே உயரத்துக்குத் தட்டையாக்குங்கள். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தை ஒட்டி மாறும். 1.05 வோல்ட்டிலிருந்து 0.9-க்கு வந்தால், அதே கிளாக்கில் சிப்பின் செலவு கால்பங்குக்கும் சற்று மேலாகவே குறையும். 120 வாட் கார்டுக்கு அது பெரிய ஆறுதல். உச்ச எண்ணில் சில மெகாஹெர்ட்ஸ் போகும், உண்மைதான். ஆனால் மே மாத மதியத்தில் 2,000-த்தில் தொடங்கிச் சரிந்துகொண்டே போவதைவிட, 1,800-இல் அசையாமல் நிற்கும் கார்டில் ஆட்டம் சீராக இருக்கும். ஃபேனும் அலறாது.

அண்டர்வோல்ட்டுக்குப் போட்டி என்று ஒன்று உண்டென்றால் அது தெர்மல் பேஸ்ட், அதாவது சிப்பின் சூட்டை மேலே உள்ள உலோக ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசையை, மாற்றுவது. இரண்டில் ஒன்றுதான் என்றால், கார்டு இதுவரை திறக்கப்படாததாக இருக்கும் பட்சத்தில் பேஸ்ட்டையே தேர்ந்தெடுப்பேன். வேலூர் சத்துவாச்சாரி போல நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஹீட்சிங்க்கைச் சட்டென்று இழுத்தால் ஃபேன் ஒயர் கையோடு வந்துவிடும். முதலில் அதன் கனெக்டரைக் கழற்றுங்கள். பழைய பேஸ்ட் சாம்பல் நிறப் பொருக்காக உதிரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். கிழிந்த தெர்மல் பேடுக்கு (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டுக்கு) பதில் போடுவது அதே தடிமனில் இருக்க வேண்டும். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் சிப்பில் சரியாக அமராது. செய்த வேலை எல்லாம் பாழ்.

மெமரி ஓவர்கிளாக்கை நான் தனியாக வைத்துப் பார்க்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு சூது இருக்கிறது. இந்தக் கார்டின் ஜிடிடிஆர்5 வகை மெமரி பிழையைக் கண்டுபிடித்துத் தரவை மறுபடி அனுப்பும். அதனால் வரம்பு தாண்டியதும் புள்ளி எதுவும் தெரியாமலே வேகம் குறையத் தொடங்கலாம். ஐம்பது ஐம்பது மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் வேகத்தை அளக்கும் ஒரே பெஞ்ச்மார்க்கை ஓட்டி, மதிப்பெண் இறங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்துங்கள். செலவில்லாத ஆதாயம் இது. ஆனால் பேஸ்ட் மாற்றிய பிறகு செய்யுங்கள்.

புதிய கார்டா? பாஸ்கலில் இல்லாத மெஷ் ஷேடர் என்ற கிராஃபிக்ஸ் வசதியைக் கேட்கும் கேம்தான் உங்கள் இலக்கு என்றால், எத்தனை மெகாஹெர்ட்ஸ் ஏற்றினாலும் பாஸ்கல் அதற்கு உதவாது. பேஸ்ட்டுக்குச் செலவிடும் பணத்தையும் சேர்த்து வையுங்கள். பழைய கேம்களே போதும் என்பவர்கள் ஏசி வாங்குவதற்கு முன் கேபினட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பார்க்கலாம்.