மீட்புச் சாவி எங்கே இருக்க வேண்டும்: இணையக் கணக்கிலா, பீரோவிலா?

மதர்போர்டு மாற்றிக்கொண்டு சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்பும் மடிக்கணினி பல நேரங்களில் விண்டோஸுக்குள் போகாது. நீலத் திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அது பழுது அல்ல. வட்டில் உள்ளவற்றைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர், தான் நம்பியிருந்த டிபிஎம் சில்லு (பூட்டைத் திறக்கும் ரகசியத்தைக் காத்து வைப்பது) பழைய போர்டோடு போய்விட்டதால், வந்திருப்பவர் உரிமையாளர்தானா என்று கேட்கிறது. கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்த பிறகும் இதே கேள்வி வரலாம். அந்த எண்தான் மீட்புச் சாவி. அதை எங்கே வைப்பது என்று எங்கள் வீட்டுக் கணினிகளுக்கெல்லாம் சேர்த்து அண்மையில் முடிவெடுத்தேன். காகிதம் முதல் இடம், மைக்ரோசாஃப்ட் கணக்கு இரண்டாம் இடம்.

"நான் எதையும் பூட்டவே இல்லையே" என்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் இதேபோல வட்டைப் பூட்டும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற வசதி உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்துக் கணினியை அமைத்தால், அதற்கேற்ற வன்பொருள் உள்ள கணினிகளில் அது தானாகவே இயங்கத் தொடங்கி, சாவியை அந்தக் கணக்கிலேயே சேமித்துவிடும். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இதற்கான வன்பொருள் நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டது. ஆகவே சாவி எங்கே என்று தெரியாதவர் முதலில் தேட வேண்டிய இடம் கணக்குதான். கைபேசியிலிருந்தே பார்க்கலாம். ஆனால் யாருடைய கணக்கு? பெரும்பாலும் கணினியை முதன்முதலில் அமைத்தவருடையது. அது வெளியூரில் இருக்கும் மகனுடையதாக இருக்கலாம். விற்ற கடைக்காரர் அவசரத்துக்குக் கொடுத்த மின்னஞ்சலாகவும் இருக்கலாம். கல்லூரி, அலுவலகக் கணக்கு என்றால் அங்குள்ள ஐ.டி. பிரிவைத்தான் கேட்க வேண்டும். கணக்கில் பல சாவிகள் இருந்தால், நீலத் திரையில் தெரியும் அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டு உரியதை எடுங்கள்.

சாவியைப் பென் டிரைவில் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. வீட்டில் யாராவது ஒருவர் அதை வேறு வேலைக்கு அழித்துவிடுவார். கடவுச்சொற்களைச் சேர்த்து வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜரை ஏற்கெனவே ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்கள் தாராளமாக அதில் வைக்கலாம். சாவிக்காக மட்டும் புதிதாகத் தொடங்குவது வீண்வேலை.

உண்மையான போட்டி கணக்குக்கும் காகிதத்துக்கும்தான். கணக்கின் நன்மைகள் வெளிப்படை: மெனக்கெட வேண்டாம், நனையாது, எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். நிறுவனத்தின் கையில் சாவி இருப்பதால் சட்டப்படி அரசு கேட்டால் கொடுக்க நேரலாம் என்ற கவலை சிலருக்கு உண்டு. சாதாரண வீட்டுக்கு அது முதல் கவலை அல்ல.

நான் காகிதத்தின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் வேறு. சாவியை எடுக்க வேண்டிய நாளில், அதற்கு முன்னால் இன்னும் எத்தனை பூட்டுகளைத் திறக்க வேண்டும்? கணக்குக்குள் போக கடவுச்சொல் வேண்டும். பல வீடுகளில் அந்தக் கடவுச்சொல், பூட்டிக்கிடக்கும் அதே கணினியின் பிரவுசருக்குள்தான் இருக்கிறது. அடுத்து, கைபேசிக்கு வரும் ஓடிபி. அந்த எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா? இந்தியாவில் 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்ட் எண்ணைத் துண்டிக்கலாம். பிறகு அது வேறொருவர் கைக்குப் போகும். பழைய எண்ணும் இல்லை, மாற்று மின்னஞ்சலும் இல்லை என்றால், புதிய விவரங்களைக் கொடுத்துவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டியதாகிறது. கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி வைத்திருந்து அதற்கான வழிகளையும் இழந்துவிட்டால் மைக்ரோசாஃப்டின் கணக்கு மீட்புப் படிவமும் உதவாது. தொலைந்த சாவியை மைக்ரோசாஃப்டாலும் மறுபடி உருவாக்கித் தர முடியாது.

பெரிய நிறுவனங்களும் இதில் சிக்கியிருக்கின்றன. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, ஏராளமானவற்றைச் சரிசெய்ய இந்த 48 இலக்கத்தைக் கையால் தட்ட வேண்டியிருந்தது. சாவிகளை வைத்திருந்த சர்வரே முடங்கிப்போன இடங்களும் உண்டு.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கணினியின் உரிமையாளர் மருத்துவமனையில் இருக்கிறார், அல்லது இறந்துவிட்டார். மனைவிக்கு அதிலுள்ள வங்கி விவரங்களும் படங்களும் வேண்டும். கணக்கில் உள்ள சாவி அவருக்கு எட்டாது. பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கும் தாள் எட்டும். என் மனத்தில் தராசை முழுதாகச் சாய்த்தது இதுதான்.

காகிதத்துக்கும் பராமரிப்பு உண்டு. விண்டோஸை முழுதாக மீண்டும் நிறுவினாலோ, வட்டை மாற்றினாலோ, மறையாக்கத்தை, அதாவது வட்டின் இந்தப் பூட்டை, நீக்கிவிட்டு மறுபடி இயக்கினாலோ புதிய சாவி உருவாகும். பழைய தாளால் பயனில்லை. எனவே தாளில் எண் மட்டும் போதாது. எந்தக் கணினி, அடையாளக் குறி, எழுதிய தேதி மூன்றும் வேண்டும். ரசீது அடிக்கும் தெர்மல் தாள் வேண்டாம், எழுத்து மங்கிவிடும். கணக்கில் உள்ளதைப் பார்த்து பால்பாயிண்ட் பேனாவால் எழுதினாலும் போதும்.

கையால் எழுதினால் தவறு வராதா என்று கேட்கலாம். அதற்கு நல்ல ஏற்பாடு உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. அந்த 48 இலக்கமும் ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும். 135795 சரி, ஒரு இலக்கம் மாறி 135796 என்று எழுதிவிட்டால் மீதி வரும். கால்குலேட்டரை வைத்துக்கொண்டு எட்டு முறை வகுத்துப் பார்த்தால் பெரும்பாலான பிழைகள் அகப்பட்டுவிடும். எங்கள் வீட்டில் மனைவி வாசிக்க நான் எழுதினேன். பிறகு நான் வாசிக்க அவர் வகுத்துப் பார்த்தார். ஆறும் எட்டும் குழம்பியிருந்த ஒரு தொகுதி அப்போதே தெரிந்துவிட்டது.

ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். தாளும் கணினியும் ஒரே பையில் இருந்தால் திருடனுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதாகிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் பத்திரங்களும் சான்றிதழ்களும் நனைந்து போயின. ஆகவே பிளாஸ்டிக் உறையிலிட்டு மேல் தட்டில் ஒன்று, வேறு ஊரில் நம்பிக்கையான உறவினர் வீட்டில் ஒன்று. எங்களுடையது என் அக்கா வீட்டில் இருக்கிறது. கணக்கில் உள்ள நகலை நான் அழிக்கவில்லை. தாள் இரண்டும் போய்விட்டால் அது வேண்டும்.

மேக் கணினியில் எனக்குப் பழக்கம் குறைவு. நண்பருக்கு ஒருமுறை அமைத்துக் கொடுத்ததோடு சரி. அங்கேயும் வட்டைப் பூட்டும் ஃபைல்வால்ட்டுக்கு ஆப்பிளின் ஐகிளவுட் கணக்கு, தனி மீட்புச் சாவி என்று இரு வழிகள் இருப்பதால் மேலே சொன்ன வாதம் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

எல்லா இடத்திலும் தேடியும் சாவி கிடைக்காதவர்கள், "உடைத்துத் தருகிறோம்" என்று சொல்லும் கடைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். வட்டை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவலாம், அதிலுள்ளது போய்விடும். அழிப்பதற்கு முன் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவிலும் கைபேசியிலும் என்னென்ன நகல்கள் இருக்கின்றன என்று பாருங்கள். அவசரமில்லை என்றால் வட்டைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டுப் புதிய வட்டு போட்டுக்கொள்ளுங்கள். பழைய நோட்டிலிருந்து சாவி பிறகு கிடைத்தால், அந்த வட்டை வேறொரு விண்டோஸ் கணினியில் இணைத்துத் திறக்கலாம்.